எந்த மேகம் வருகிறது என்று சொல்லுங்கள்: வாராந்திர வானிலை அறிக்கை தயாரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். குறுவை அறுவடையில் டெல்டாவில் நெல் நனைந்த செய்தி உங்களுக்கும் வந்திருக்கும். அதனால் முழுக்கதையையும் சொல்லப் போவதில்லை. அந்த வாரத்துக்கு எங்களுக்குக் கிடைத்த முன்னறிவிப்பைப் பற்றி மட்டும் பேச வேண்டியிருக்கிறது.

ஏழு நாளுக்கும் ஒரே வரிதான் இருந்தது: "ஓரிரு இடங்களில் லேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும்." உங்கள் கணக்கில் ஓரிரு இடங்கள் என்றால் மழைமானி நிலையங்களில் 25 சதவீதம் வரை. மிதமான மழை என்றால் 64 மில்லிமீட்டர் வரை. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். துளிகூட விழாத ஊருக்கும் அந்த வரி பொருந்தும், ஆறு சென்டிமீட்டர் கொட்டிய ஊருக்கும் பொருந்தும். அறிக்கை தவறு என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒரு விவசாயி என்ன முடிவு எடுப்பது?

செயின் வண்டிக்கு (சங்கிலிச் சக்கர அறுவடை இயந்திரம்) முன்கூட்டியே சொல்லி வைத்தால்தான் அறுப்புக்கு வரும். அது வரும் நாளில் அறுக்காவிட்டால் அடுத்த ஊருக்குப் போய்விடும். அறுத்த நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடை போட மாட்டார்கள். களம் போதாது, ஆகவே தார்ச்சாலையில் காயப்போடுகிறோம். அன்று காலையிலிருந்து நல்ல வெயில். நெல் கலகலவென்று காய்ந்து வந்தது. நான்கு மணிக்கு மேற்கே கறுத்தது. ஓடிப்போய்த் தார்ப்பாய் எடுத்து வந்தோம். சாலை நீளத்துக்குக் கிடக்கும் நெல்லை எத்தனை பேர் கூட்டி அள்ள முடியும்? அரை மணி நேரத்துக்கு மேல் பெய்யவில்லை. அதற்குள் சாலையோரம் நெல்லும் தண்ணீருமாக ஓடியது. மறுநாள் வெயில் இல்லை, அதற்கு மறுநாளும் இல்லை. குவியலின் அடியில் கை விட்டால் சூடு. அப்புறம் முளை. ஆற்றுக்கு அக்கரையில் இருந்தவர்கள் அன்று ஒரு துளி பார்க்கவில்லை.

அது ஏன் என்று எங்களுக்குத் தெரியாமல் இல்லை. அது வெப்பச்சலன மழை. பகல் முழுக்க நிலம் சூடேறுகிறது, ஈரக்காற்று மேலே எழும்புகிறது. பிற்பகலில் வங்கக் கடலிலிருந்து வரும் கடற்காற்றும் மேற்குக் காற்றும் மோதும் இடத்தில் அது இன்னும் வேகமாக ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து, அதிலிருக்கும் நீராவி தூசியிலும் கடல் உப்புத் துகளிலும் நுண்துளியாகப் படிகிறது. அப்படிப் படியும்போது வெளியாகும் வெப்பம் காற்றை இன்னும் மேலே தள்ளுகிறது. வெள்ளையாக நின்ற திரள் மேகம் 12 கிலோமீட்டருக்கும் மேல் வளர்ந்து கார்திரள் மேகமாகிறது. அகலம் சில கிலோமீட்டர்தான், ஆயுள் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம். எந்த ஊரின் மேல் எழும்பும் என்று ஒரு வாரத்துக்கு முன் யாராலும் சொல்ல முடியாது. அதை நாங்கள் கேட்கவும் இல்லை.

புயலும் காற்றழுத்தத் தாழ்வும் வேறு. அவை நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு மேகத்தைப் பரப்பி நகர்ந்து வருபவை, அவற்றைப் பல நாட்களுக்கு முன்பே கணிக்கலாம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியபோது, அதற்குச் சில நாட்கள் முன்பே எச்சரிக்கை வந்துவிட்டது. பல உயிர்கள் தப்பின. அந்த உழைப்புக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறோம்.

இந்த இரண்டு மழைக்கும் வாராந்திர அறிக்கையில் ஏன் ஒரே வாசகம்? எங்கள் வேண்டுகோள் இதுதான்: மழை எந்த வகை மேகத்திலிருந்து வரும், அந்தக் கணிப்பு எவ்வளவு உறுதியானது என்று இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள். "இந்த வாரம் வெப்பச்சலன மழை, பிற்பகலுக்கு மேல் வரலாம், இடத்தை முன்கூட்டிச் சொல்ல இயலாது" என்று இருந்தால் போதும். காலையில் பரப்பி மூன்று மணிக்குள் அள்ளிவிடுவோம். "தாழ்வுப் பகுதி, தொடர்ந்து இரண்டு நாள் மழை" என்றால் வண்டியையே தள்ளி வைப்போம். ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் கார்திரள் மேகத்துக்கும், வானம் முழுக்கப் படர்ந்து நின்று பெய்யும் கார்படை மேகத்துக்கும் வித்தியாசம் படிக்கும் பிள்ளைகள் எங்கள் வீட்டில் இருக்கிறார்கள். எங்களுக்குப் புரியாது என்று நினைத்து எதையும் விட்டுவிட வேண்டாம்.

மேகம் எழும்பிய பிறகு அதை ரேடார் பார்த்துவிடும். சென்னையிலும் காரைக்காலிலும் டாப்ளர் ரேடார் இருக்கிறது. ஆனால் அடுத்த மூன்று மணி நேரத்துக்கான எச்சரிக்கை மாவட்டத்தின் பெயரோடு நின்றுவிடுகிறது. திருவாரூர் மாவட்டத்தில் மட்டும் 10 ஒன்றியங்கள். வலங்கைமானில் இடி இடிக்கும்போது முத்துப்பேட்டையில் வெயில் காயும். ஒன்றியத்தின் பெயர் போட்டுத் தமிழில் ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் சாலையில் கிடக்கும் நெல்லை மூடிவிட முடியும்.

கொள்முதல் நிலையங்களில் கூரை இல்லாமல் சிப்பங்கள் நனைவதும், மூட்டைகளை ஏற்ற லாரி வராமல் வாரக்கணக்கில் கிடப்பதும் உங்கள் பொறுப்பு அல்ல. ஒவ்வொரு அலுவலகமும் அடுத்த அலுவலகத்தைக் கை காட்டிவிடுகிறது. கடைசியில் ஈரப்பதம் அதிகம் என்று திருப்பி அனுப்பப்படுவது விவசாயிதான். அந்தக் கோபம் இந்த மடலிலும் கொஞ்சம் ஏறியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் கேட்பது உங்களால் முடிந்ததை மட்டும்தான்.

பொங்கலை ஒட்டிச் சம்பா அறுவடை தொடங்கிவிடும். அப்போது வருவது பெரும்பாலும் கிழக்குக் காற்று மழை. அதையும் அப்படியே பெயர் சொல்லி, எந்த அளவுக்கு உறுதி என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஒன்றிய வாரியான குறுஞ்செய்தியை அதற்குள் தொடங்க முடியாவிட்டால், அடுத்த குறுவைக்குள்ளாவது தயவுசெய்து தொடங்குங்கள்.

இப்படிக்கு,
மன்னார்குடி வட்டாரத்து நெல் விவசாயி ஒருவர்