ஓஹோ காட்சியும் கரண்ட் பில்லும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. ‘காதலிக்க நேரமில்லை’யில் நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்வாரே, அந்தக் காட்சியைக் குடியிருப்பு ஆண்டு விழாவுக்காகக் கிண்டல் படமாக எடுக்கப் போகிறாய், அதிலும் பேய்க்கதைக்குப் பதில் கரண்ட் பில் கதை என்று படித்ததும் மனசு துள்ளியது. 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்கு முன் ஓடிய யூனிட்டுகளுக்கும் சேர்த்து ரேட் ஏறிவிடும் என்ற பயம் நம்மூரில் எந்த வீட்டில் இல்லை? பேய் வரவேண்டிய இடத்தில் ‘ஐந்நூத்தி ஒண்ணு’ என்று மெல்லச் சொன்னாலே போதும்.

1964இல் ஸ்ரீதர் எடுத்த அந்தக் காட்சியைச் சத்தத்தை அணைத்துவிட்டு ஒருமுறை பார். கதை சொல்வது செல்லப்பா (நாகேஷ்), நமக்குச் சிரிப்பு வருவது விஸ்வநாதனின் (பாலையா) முகத்தைப் பார்த்து. பாலையா நம்மைச் சிரிக்க வைக்கப் பார்க்கவே இல்லை, பயப்படுகிறார், அவ்வளவுதான். அதனால் உன் படத்திலும் கேட்பவர்தான் முக்கியம். அவருக்கு நல்ல ஆளாகப் பார். நாகேஷின் உடல்மொழியையோ பாலையாவின் குரலையோ மிமிக்ரி செய்ய வேண்டாம். ஒப்பிடத் தொடங்கினால் கதை காதில் ஏறாது. இன்ன காட்சி என்று புரிய, முதல் ஷாட்டில் மேஜைமேல் செல்லப்பாவின் படக் கம்பெனிப் பெயரான ‘ஓஹோ’ என்று அட்டையில் தடிமனாக எழுதி வைத்தால் போதும்.

90 விநாடிப் படத்துக்கு வசனம் 110 சொல்லுக்கு மேல் போகக் கூடாது. இடைவெளிதான் பயத்தைக் கூட்டும், அதற்கு இடம் வேண்டும்.

எடுக்கும்போது கேட்பவரை முதலில் எடு. கதை முழுவதையும் நிறுத்தாமல் அவர் முகத்தின் மேல் ஓடவிடு. சொல்பவர் கேமராவுக்கு வெளியே இருந்தாலும் முழு வேகத்தில் நடிக்க வேண்டும். நாலைந்து டேக் ஆனதும் அடுத்து என்ன வரும் என்று முகத்துக்குத் தெரிந்துவிடும். அப்போது சொல்பவர் ஏதாவது ஒரு சத்தத்தை இடம் மாற்றிப் போடட்டும். கேமரா உட்கார்ந்தவரின் கண் உயரத்தில், மார்பளவு ஃப்ரேம். கை வாய்க்குப் போகும் என்பதால் கீழே கொஞ்சம் இடம் விடு. பிறகு சொல்பவரை எடுக்கும்போது இருவரையும் இணைக்கும் கற்பனைக் கோட்டைக் கேமரா தாண்டக் கூடாது. தாண்டினால் இருவரும் ஒரே பக்கம் பார்ப்பதுபோல் ஆகிவிடும்.

செல்போனில் ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிடு, இல்லாவிட்டால் கை அசையும் போதெல்லாம் படம் மங்கித் தெளியும். நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் விநாடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 விநாடி என்று வை. ட்யூப்லைட், எல்இடி வெளிச்சத்தில் பட்டை பட்டையாக ஓடாது.

ஒலியில்தான் பெரும்பாலான வீட்டுப் படங்கள் கெடுகின்றன. ஃபேன், ஃபிரிட்ஜ் இரண்டையும் நிறுத்து (வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்தால் திரும்பப் போட மறக்காது). ஒலியைப் பதிவு செய்ய இரண்டாவது போனை ஏரோபிளேன் மோடில், மடித்த துண்டின்மேல், ஃப்ரேமுக்குச் சற்றுக் கீழே வை. சட்டைப் பையில் வைத்தால் துணி உரசும். வாய்க்கு நேர் எதிரே வைத்தால் ‘ப்’ என்ற ஒவ்வொரு ஊதலும் மைக்கில் வெடிக்கும், ஒரு முழம் தள்ளிப் பக்கவாட்டில் இருக்கட்டும். மீட்டர் ஓடும் ‘டிக்’, கேட் திறக்கும் ‘கிறீச்’ எல்லாம் சொல்பவர் வாயிலிருந்தே வரவேண்டும், நாகேஷ் செய்தது அதைத்தானே! ஒவ்வொரு டேக் தொடக்கத்திலும் ஒரு கைத்தட்டல், படமும் ஒலியும் பொருந்த. கடைசியில் யாரும் பேசாமல் 30 விநாடி அறையின் சத்தத்தைப் பதிவு செய். வெட்டிய இடங்களை அதை வைத்து ஒட்டலாம்.

எடிட்டிங்கில், சொல்பவர் வாக்கியத்தை முடிக்கும் முன்பே கேட்பவர் முகத்துக்குப் போய்விடு, குரல் அதன்மேல் ஓடட்டும். ‘ஐந்நூத்தி ஒண்ணு’க்குப் பிறகு மூன்று விநாடி வெட்டாதே. பின்னணி இசை போடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டவே வேண்டாம், எங்கே பயப்பட வேண்டும் என்று அது முந்திக்கொண்டு சொல்லிவிடும்.

வசனத்தை எழுதியதும் அனுப்பு, எந்த இடத்தில் மூச்சு விடலாம் என்று குறித்துத் தருகிறேன். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்