அந்த ஐந்து வாரங்கள்

எடிசன், நியூ ஜெர்சி

அன்பு மகள் யாழினிக்கு,

அம்மா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை இரவு தொலைபேசியில் நீ பேசிய நேரத்தைவிடப் பேசாமல் இருந்த நேரம்தான் அதிகம். நான்கு மாதங்களாக வீடு வீடாகப் படியேறி நீ வாக்குக் கேட்ட வேட்பாளர் கட்சிக்குள்ளேயே வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி தேர்தலில் முந்நூற்றுச் சொச்சம் வாக்குகளில் தோற்றுவிட்டார். வென்றவர் மறுநாளே ஆளனுப்பி, மேடையில் தம் பக்கத்தில் நின்று ஆதரவு தெரிவிக்கும்படி கேட்டிருக்கிறார். உன்னோடு உழைத்த பிள்ளைகளில் பாதிப் பேர் கட்சியே வேண்டாம் என்று கிளம்பிவிட்டார்கள். இவ்வளவையும் சொல்லிவிட்டு, "தோத்தவங்க பேச்சை இனிமே யாரும்மா கேப்பாங்க?" என்று கேட்டாய். அந்த நேரத்தில் எனக்குப் பதில் வரவில்லை. இரண்டு நாள் யோசித்து இப்போது எழுதுகிறேன்.

அதற்கு முன் உனக்கும் எனக்கும் இடையே உள்ள ஒரு பழைய கணக்கைத் தீர்க்க வேண்டும். 2016 ஜூன் 6, திங்கட்கிழமை மாலை உனக்கு நினைவிருக்கும். கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்தாய். நான் கிரைண்டரில் மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தத்தில் நீ சொன்னது காதில் விழவில்லை. நீயே கிரைண்டரை நிறுத்திவிட்டுக் கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாய். ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராவதற்குத் தேவையான மாநாட்டுப் பிரதிநிதிகள் ஹிலரி கிளிண்டனுக்குக் கிடைத்துவிட்டார்கள் என்று ஏபி செய்தி நிறுவனம் அறிவித்திருந்தது. நம் நியூ ஜெர்சியும் கலிபோர்னியாவும் மறுநாள்தான் வாக்களிக்க இருந்தன. மக்கள் வாக்கில் தேர்ந்தெடுக்கப்படாமல், பதவியின் காரணமாகவே வாக்குரிமை பெற்ற எழுநூற்றுக்கும் மேற்பட்ட சூப்பர் டெலிகேட்டுகளில் பெரும்பாலோர் அவர் பக்கம் இருந்ததால் வந்த கணக்கு அது. நாளைக்கு நான் போடப்போகும் வாக்குக்கு என்னம்மா மதிப்பு என்று கேட்டாய். நான் ஹிலரிக்கு வாக்களிக்க இருந்தவள். "அதான் தோத்தாச்சே, ஒதுங்கிட வேண்டியதுதானே" என்று சொல்லிவிட்டு மறுபடி கிரைண்டரை ஓடவிட்டேன். நீ மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். என் பேச்சின் கடுமை ஒருபுறம் இருக்கட்டும். அந்தக் கருத்தே தவறு. அதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. நான் வென்றவர் பக்கம் இருந்ததால், தோற்றவர் என்ன பெற்றார் என்பதை எங்கள் பக்கத்திலிருந்தே பார்க்க முடிந்தது.

ஹிலரியை எதிர்த்து நின்ற உன் பெர்னி சாண்டர்ஸ் அன்று ஒதுங்கவில்லை. ஜூன் 7 அன்று நியூ ஜெர்சியிலும் கலிபோர்னியாவிலும் தோற்றார். ஜூலை 12 அன்று நியூ ஹாம்ப்ஷயரின் போர்ட்ஸ்மத் நகரில் ஹிலரியின் பக்கத்தில் நின்று ஆதரவு தெரிவித்தார். இடையில் இருந்தவை ஐந்து வாரங்கள். அந்த ஐந்து வாரங்களும் அவர் பிடிவாதம் பிடிக்கிறார் என்றுதான் எங்கள் பக்கத்தில் எல்லோரும் பேசினோம். உண்மையில் அவர் பேரம் பேசிக்கொண்டிருந்தார். பேரம் என்ற சொல்லை நான் இழிவாகச் சொல்லவில்லை. கையில் ஒரு கோடியே முப்பது லட்சம் வாக்குகளும், 22 மாநிலங்களின் வெற்றியும், மாநாட்டுக்கு வரப்போகும் 1,800க்கும் மேற்பட்ட பிரதிநிதிகளும் இருக்கும்போது, அவற்றுக்கு ஈடாக எதுவும் கேட்காமல் எழுந்து போயிருந்தால், அவரை நம்பி வாக்களித்தவர்களுக்கு அவர் செய்த துரோகமாக அது இருந்திருக்கும்.

என்ன கிடைத்தது என்று பார். கட்சியின் கொள்கை அறிக்கையை எழுதும் 15 பேர் கொண்ட வரைவுக் குழுவில் 5 இடங்களை அவர் மே மாதமே வாங்கியிருந்தார். ஜூலை 6 அன்று, ஆண்டு வருமானம் 1,25,000 டாலருக்கு உட்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அரசுக் கல்லூரிகளில் கட்டணமில்லாக் கல்வி என்று ஹிலரி அறிவித்தார். அடுத்த இரண்டு மூன்று நாட்களில் ஆர்லாண்டோவில் கூடிய கொள்கைக் குழு, மணிக்கு 15 டாலர் குறைந்தபட்ச ஊதியம் என்பதை ஏற்றது. அதுவரை நாடு முழுவதற்குமாக 12 டாலர் என்று சொல்லிவந்தவர் ஹிலரி. பசிபிக் வர்த்தக ஒப்பந்தத்தை வெளிப்படையாக எதிர்க்க வேண்டும் என்ற திருத்தம் அதே அறையில் தோற்றது. கேட்டதில் பாதி கிடைத்தது, பாதி கிடைக்கவில்லை. அதன் பிறகுதான் போர்ட்ஸ்மத் மேடை. ஆதரவு தெரிவிப்பது கடைசியில் வந்தது என்பதைக் கவனி. முதலில் அதைக் கொடுத்திருந்தால் ஆர்லாண்டோவில் அவருடைய ஆட்கள் சொன்னதை யாரும் காது கொடுத்துக் கேட்டிருக்க மாட்டார்கள்.

பிலடெல்பியா மாநாட்டை நாம் இருவரும் ஒரே சோபாவின் இரண்டு ஓரங்களில் உட்கார்ந்து பார்த்தோம். மாநிலம் மாநிலமாக வாக்கு எண்ணிக்கையை அறிவிக்கும்போது, வெளிநாட்டில் வாழும் ஜனநாயகக் கட்சியினரின் சார்பில் பெர்னியின் அண்ணன் லாரி எழுந்தார். இங்கிலாந்தில் குடியேறிவிட்ட அந்த முதியவர், மறைந்துபோன தம் பெற்றோரின் பெயர்களை வாசித்து, தம்பிக்குத் தம் வாக்கைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. கூட்டத்தில் பெர்னியும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நீ அழுதாய், நானும் அழுதேன், உனக்குத் தெரியாமல். எண்ணிக்கை முடிந்ததும் பெர்னி எழுந்து, விதிகளை ஒதுக்கிவைத்து ஹிலரியை ஒருமனதாக வேட்பாளராக அறிவிக்கலாம் என்று தாமே முன்மொழிந்தார். அவருடைய பிரதிநிதிகளிலேயே பலர் அரங்கத்தை விட்டு வெளியேறினார்கள். அந்த வேதனை பொய் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த வாரம் நீயும் நானும் பார்க்காத இன்னொன்று நடந்தது. மாநாடு தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பு விதிமுறைக் குழு கூடியது. சூப்பர் டெலிகேட் முறையையே நீக்க வேண்டும் என்று பெர்னி பக்கம் கொண்டுவந்த தீர்மானம் தோற்றது. அதற்கு மாற்றாக, இரு தரப்பும் சேர்ந்து 21 பேர் கொண்ட சீர்திருத்த ஆணையம் ஒன்றை அமைக்க ஒப்புக்கொண்டன. ஆணையம், குழு, துணைக்குழு என்றால் உன் நண்பர்களுக்குக் கொட்டாவி வரும். தொலைக்காட்சிகளும் அவற்றைக் காட்டுவதில்லை. அந்த ஆணையத்தில் பெர்னியின் ஆட்கள் உட்கார்ந்து வாதாடினார்கள். 2018 ஆகஸ்ட் 25 அன்று சிகாகோவில் கூடிய கட்சியின் தேசியக் குழு, போட்டியுள்ள மாநாட்டில் முதல் சுற்றில் சூப்பர் டெலிகேட்டுகள் வாக்களிக்கக் கூடாது என்று முடிவு செய்தது. கிரைண்டரை நிறுத்திவிட்டு நீ காட்டிய அந்தச் செய்தியின் கணக்கை இனி எவரும் போட முடியாதபடி செய்தது, தோற்றுப்போன உன் தரப்புதான்.

நாடாளுமன்ற வேலையிலும் இதைப் பார்க்கலாம். 2013இல் பெர்னி எல்லோருக்குமான அரசு மருத்துவக் காப்பீட்டு மசோதாவைக் கொண்டுவந்தபோது செனட்டில் ஒருவர்கூட உடன் கையெழுத்திடவில்லை. 2017 செப்டம்பரில் அதே கருத்துக்கு 16 பேர் முன்வந்தார்கள். நம் மாநிலத்தின் கோரி புக்கரும், சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸும் அவர்களில் இருவர். 2020இல் இரண்டாவது முறையாகத் தோற்றபோது பெர்னி ஐந்து வாரம் எடுத்துக்கொள்ளவில்லை. ஏப்ரல் 8 அன்று விலகி, 13 அன்றே ஜோ பைடனை ஆதரித்தார். அடுத்த மாதமே இரு தரப்பும் சேர்ந்த ஆறு கூட்டுக் குழுக்கள் அமைக்கப்பட்டன. மருத்துவக் குழுவின் இணைத் தலைவர்களில் ஒருவராக, பெர்னியை ஆதரித்தவரும் நம் சென்னையில் பிறந்தவருமான பிரமிளா ஜெயபால் இருந்தார். மறு ஆண்டு பெர்னி செனட்டின் பட்ஜெட் குழுத் தலைவரானார்.

உனக்கு நான் இனிப்பை மட்டும் பரிமாறக் கூடாது. 2016இல் கொள்கை அறிக்கையில் ஏறிய அந்த 15 டாலர் ஊதியத்தை 2021 மார்ச் 5 அன்று அவரே செனட்டில் திருத்தமாகக் கொண்டுவந்தபோது, 42க்கு 58 என்று தோற்றது. எதிர்த்தவர்களில் எட்டுப் பேர் அவரோடு ஒரே அணியில் உட்காருகிறவர்கள். நாடு முழுவதற்குமான குறைந்தபட்ச ஊதியம் 2009 முதல் 7.25 டாலரிலேயே நிற்கிறது. கொள்கை அறிக்கையில் எழுதியது தானாகச் சட்டமாவதில்லை. எழுதிவைத்த விதி அப்படியல்ல. அது எழுதியவர் போன பிறகும் வேலை செய்துகொண்டே இருக்கும்.

இதற்கு என் வாழ்க்கையிலேயே ஒரு சான்று உண்டு. குடியுரிமை பெற்ற பின் நான் போட்ட முதல் வாக்கு 2008 பிப்ரவரி 5 அன்று நடந்த பிரைமரியில், ஹிலரிக்கு. நம் மாநிலத்தில் அவரே வென்றார், நானும் பூரித்துப்போனேன். பிரதிநிதிகள் கணக்கு வந்தபோது அவருக்கு 59, ஒபாமாவுக்கு 48. வித்தியாசம் வெறும் 11. அதே நாளில் ஐடஹோ என்னும் சின்ன மாநிலத்தில் ஒபாமா 15க்கு 3 என்று வென்று, 12 பேரை அதிகமாகப் பெற்றிருந்தார். இவ்வளவு பெரிய மாநிலத்தின் வெற்றியை அவ்வளவு சிறிய மாநிலம் எப்படி ஈடுகட்டியது என்று எனக்கு அன்று விளங்கவில்லை. அந்தக் கணக்கின் வேர், இருபது ஆண்டுக்கு முன் இதே கட்சியின் பிரைமரியில் தோற்றுப்போன கறுப்பினத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சனிடம் இருந்தது.

ஜாக்சன் 1984இல் ஏறத்தாழ 18 சதவீத வாக்கு வாங்கியும், அதற்கேற்ற பங்குக்குப் பிரதிநிதிகள் கிடைக்காமல் போனவர். 1988இல் மறுபடி நின்று ஏறக்குறைய எழுபது லட்சம் வாக்குகள் பெற்று, மைக்கேல் டுகாக்கிஸுக்கு அடுத்த இடத்துக்கு வந்தார். துணை அதிபர் வேட்பாளராக வேறொருவரை டுகாக்கிஸ் தேர்ந்தெடுத்த செய்தி, அவருக்கு ஒரு பத்திரிகையாளர் வாயிலாகத்தான் தெரியவந்தது. அதைவிட அவமானம் ஒருவருக்கு வேண்டாம். அப்படியிருந்தும் அட்லாண்டா மாநாட்டுக்குச் சுமார் 1,200 பிரதிநிதிகளோடு வந்து, விதிமுறையில் கை வைத்தார். வென்றவருக்கே மொத்த இடங்களும், அல்லது கூடுதல் இடங்களும், என்ற முறைகள் விலக்கப்பட்டு, வாக்குக்கேற்ற பங்கு எல்லா மாநிலங்களிலும் வழங்கப்பட வேண்டும் என்று ஒப்பந்தமானது. சூப்பர் டெலிகேட்டுகளைக் குறைப்பதாகவும் அப்போது வாக்களித்தார்கள். அதைக் கட்சி பின்னர் திரும்பப் பெற்றுக்கொண்டது. பங்கு முறை மட்டும் நிலைத்தது. அது இல்லாமல் பெரிய மாநிலங்களை வென்ற ஹிலரியை ஒபாமா முந்தியிருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. 2008 நவம்பரில் ஒபாமா அதிபராக வென்ற இரவு, சிகாகோவின் கிராண்ட் பார்க் கூட்டத்தில் ஜாக்சன் கன்னத்தில் நீர் வழிய நின்ற காட்சியை, இதெல்லாம் தெரிந்த பிறகு நான் மறுபடி பார்த்தேன். 1988இல் அவரை ஆதரித்த வெள்ளை மேயர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். பர்லிங்டன் நகர மேயராக இருந்த பெர்னி சாண்டர்ஸ் அவர்களில் ஒருவர்.

உன் அப்பா, ரீகனையும் எழுது என்கிறார். சரிதான், குடியரசுக் கட்சியிலும் இதே கதைதான். 1976இல் அப்போது அதிபராக இருந்த ஜெரால்டு ஃபோர்டிடம் 1,187க்கு 1,070 என்று தோற்ற ரீகன், ஃபோர்டின் சொந்த வெளியுறவுக் கொள்கையையே குறைகூறும் பத்தியை அந்த மாநாட்டின் கொள்கை அறிக்கையில் சேர்க்கவைத்துவிட்டுத்தான் வீடு திரும்பினார். நான்கு ஆண்டில் கட்சியே அவருடையதாயிற்று.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். வென்றவர் ஏன் மறுநாளே ஆளனுப்பினார்? நவம்பரில் உங்கள் வாக்குகள் இல்லாமல் அவர் கரை சேர முடியாது. அந்தத் தேவை இப்போது இருப்பதுபோல் இரண்டு மாதம் கழித்து இருக்காது. ஆகவே உங்கள் வேட்பாளர் போய் உட்கார்ந்து பேசட்டும், நீயும் கூடப் போ. ஆனால் மேடையும் புகைப்படமும் முதலில் வேண்டாம். என்ன கேட்கிறீர்கள் என்பதைத் தாளில் எழுதி எடுத்துப்போங்கள். இருபது கோரிக்கை எழுதினால் இருபதுக்கும் தலையாட்டிவிட்டு எதையும் செய்ய மாட்டார்கள். இரண்டோ மூன்றோ போதும். அவற்றில் ஒன்று கட்சியின் கவுன்டி கமிட்டியில் உங்கள் ஆட்களுக்கு இடமும், அடுத்த முறை வேட்பாளரை ஆதரிக்கும் முடிவை எப்படி எடுப்பது என்ற விதியில் மாற்றமுமாக இருக்கட்டும். கிளம்பிப் போன பிள்ளைகளில் நான்கு பேரையாவது அந்த இடங்களுக்குத் திருப்பி அழைத்து வா. கோபத்தோடு வந்தாலும் பரவாயில்லை, வந்தால் போதும்.

இன்னொன்று, மார்ச் மாதம் நீ சொன்ன அந்த அம்மாவின் விஷயமாக இருக்கட்டும். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை, இரவு பத்தேகாலுக்கு ஷிஃப்ட் முடிகிறது, கடைசிப் பேருந்து பத்துக்கே போய்விடுகிறது, குளிரில் நாற்பது நிமிடம் நடக்கிறார் என்று சொன்னாயே. "இவங்களுக்காகத்தாம்மா இந்த வேலையே" என்றாயே. உங்கள் வேட்பாளர் தோற்றதால் அந்தப் பேருந்து நேரம் மாறிவிடவில்லை. கடைசிப் பேருந்தைப் பத்தரைக்கு மாற்றுவதற்கு வென்றவர் எழுத்தில் உறுதி கொடுக்கட்டும். அதன் பிறகு மேடை ஏறலாம்.

வியாழக்கிழமை கூட்டம் என்றாய். புதன் இரவு எழுதியதை எனக்குப் படித்துக் காட்டு. எவ்வளவு நேரமானாலும் விழித்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா