நானோ 8.0 கையேட்டுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டும் திரையில்) நானோ என்ற உரை எடிட்டர் பழகுபவர்களுக்கான நம் தமிழ்க் கையேடு 8.0 பதிப்புக்கு ஏற்பத் திருத்தப்பட்டுவிட்டது. உழைத்தவர்கள் யாரும் தங்கள் பெயரைப் போட வேண்டாம் என்கிறார்கள். சரி, பெயர் இல்லாமலே நன்றி சொல்லிவிடுகிறேன்.

2024 மே மாதம் 8.0 வெளியானதும், "7.2ன்னு இருக்குற இடத்துல எல்லாம் 8.0ன்னு மாத்திட்டா போச்சு" என்றுதான் பேச்சு கிளம்பியது. அதைத் தடுத்தவர் கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்க்கும் அண்ணன். அவருடைய கணினிகளில் இருப்பது டெபியன் 12 என்ற லினக்ஸ், அதில் வருவது நானோ 7.2. இன்னொரு லினக்ஸான உபுண்டு 24.04இலும் அதேதான். புதிய பதிப்பில் கன்ட்ரோல்+எஃப் தேடலைத் திறக்கும், 7.2இல் அதே விசை கர்சரை ஓர் எழுத்து வலப்பக்கம் நகர்த்தும், அவ்வளவுதான். 8.0 என்று மட்டும் எழுதிவைத்தால் மாணவர்கள் விசைப்பலகையைத்தான் சந்தேகப்படுவார்கள் என்றார். அதனால் பாடத்தில் இரண்டிலும் வேலை செய்கிற கன்ட்ரோல்+டபிள்யூவையே வைத்தோம், புதிய விசை தனிக் குறிப்பானது. அண்ணே, இந்தக் கையேட்டை இன்று ஆய்வகத்தில் பயன்படுத்த முடிகிறதென்றால் அது உங்களால்தான்.

அடுத்த நன்றி, கிரெப் என்ற தேடல் கட்டளை போட்டு 7.2 வரும் வரிகளையெல்லாம் எடுத்து ஒவ்வொன்றாகப் படித்த தம்பிக்கு. ஒரேயடியாக மாற்ற செட் (sed) கட்டளையைப் போட்டால், அதில் வெறும் புள்ளி எந்த எழுத்துக்கும் பொருந்தும்; 732 என்ற வரி எண்கூட 8.0 ஆகிவிடும். அதைச் சொன்னதோடு நிற்காமல், "7.2 வரை இப்படி இருந்தது" என்பது போன்ற வரிகளைத் தொடக் கூடாதென்று தனியாகக் குறித்தும் கொடுத்தார். அலுப்பான வேலை. முகம் சுளிக்காமல் செய்தார்.

மேக் வைத்திருக்கும் அக்காவுக்கும் நன்றி. மேக் ஓஎஸ் 12.3 முதல் அங்கே நானோ என்று தட்டினால் திறப்பது பிக்கோ என்ற வேறொரு எடிட்டர். நானோவைத் தனியாக நிறுவ வேண்டும் என்ற பத்தி அவர் எழுதியது.

8.0இல் வந்த மாடர்ன்பைண்டிங்ஸ் (modernbindings) என்ற, விசைகளை மாற்றும் தேர்வைப் போட்டால் கன்ட்ரோல்+எக்ஸ் வெளியேறாது, வெட்டும், வெளியேற கன்ட்ரோல்+க்யூ. நானோவுக்கு 'e' என்ற எழுத்தில் தொடங்கும் பெயரில் சிம்லிங்க் (அதையே சுட்டும் இணைப்பு) வைத்தாலும் இதே கதைதான். "வெளியேற கன்ட்ரோல்+எக்ஸ்" என்று முதல் பக்கத்திலேயே சொல்லிக்கொடுக்கும் நமக்கு இது சின்ன விஷயமா? விசை அட்டவணை முழுவதையும் இரு வகையிலும் தட்டிப் பார்த்துச் சரிசெய்த நண்பருக்கு ஒரு காபி கடன்பட்டிருக்கிறேன்.

1999இல் நானோவைத் தொடங்கிய கிறிஸ் அலெக்ரெட்டாவுக்கும், இப்போது பராமரிக்கும் பென்னோ ஷூலென்பெர்க்குக்கும் நன்றி. ஒவ்வொரு வெளியீட்டிலும் எது மாறியது என்று சுருக்கமாக எழுதிவைக்கும் அவர்கள் வழக்கம் இல்லையென்றால் எங்கே தொடங்குவதென்றே நமக்குத் தெரிந்திருக்காது.

ஆய்வகக் கணினிகள் அடுத்த டெபியனுக்கு மாறும்வரை 7.2 குறிப்புகள் அப்படியே இருக்கும். மாறியதும் அண்ணன் சொல்வார், அப்போது எடுத்துவிடலாம்.

அன்புடன்,
கையேட்டுக் குழுவுக்காக