பகல் வெளிச்சத்தில் பார்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். காஞ்சிபுரத்தில் எல்லோரும் நலம். பரோடாவில் குளிர் விட்டதா?

நீ வரைந்து அனுப்பிய படங்களை அம்மா கடையில் கொடுத்து பிரிண்ட் போட்டு வந்தாள். சித்தப்பா பார்த்துவிட்டு, "கட்டம் கட்டமா இருக்கு, இதுல என்ன இருக்கு?" என்றார். சிவப்புக்குள் இருக்கும் சாம்பல் நிறத்தைப் பாருங்கள், பச்சையடிக்கிறது, மஞ்சளுக்குள் இருப்பதில் நீலம் ஓடுகிறது என்று காட்டினேன். பிறகு வெள்ளைத் தாளில் ரெண்டு ஓட்டை போட்டு மேலே வைத்தேன். ரெண்டும் ஒரே சாம்பல்! மனுஷன் நம்பாமல் தாளை எடுத்து எடுத்து வைத்துப் பார்த்தார். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா.

நம் சாயப்பட்டறையில் தினமும் இதுதானே நடக்கிறது. அதே மாம்பழ மஞ்சள் நூல் சிட்டம் அரக்குக்குப் பக்கத்தில் தகதகக்கும், வெள்ளைக்குப் பக்கத்தில் சோகையாக நிற்கும். சாயம் சரியில்லை என்று நம்மைத்தான் சொல்வார்கள். நீ சொன்ன பாரிஸ்காரர் செவ்ரலை நான் மறக்கவே இல்லை. சித்திரத் திரைச்சீலை நெய்யும் கோப்லான் பட்டறையில் கறுப்பு நூல் எடுப்பாக இல்லை என்று புகார் வர, சோதித்துப் பார்த்து, கறுப்பில் குறையில்லை, பக்கத்தில் ஓடும் நீலமும் ஊதாவும்தான் அதை மங்கவைக்கிறது என்று கண்டுபிடித்தாரே. 1839-லேயே புத்தகமாகவும் போட்டுவிட்டார். அவரும் சாயப்பட்டறை ஆள்தான் என்பதில் எனக்குத் தனி சந்தோஷம்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். படம் வந்த நேரத்தைப் பார்த்தேன், எல்லாமே ராத்திரி ரெண்டு மணிக்கு மேல். ராத்திரியில் நிறத்தை முடிவு செய்யாதே. பொழுது சாய்ந்தால் முதலில் சிவப்பு கருத்துப்போகும், நீலம் கடைசிவரை தெரியும். டியூப்லைட்டில் ஒத்துப்போன சிட்டம் வெயிலில் ஒத்துப்போகாமலும் போகும். விளக்கு வைத்த பிறகு இங்கே யாரும் ஷேடு பார்க்க மாட்டோம் என்பது உனக்கே தெரியும். ராத்திரி தூங்கு, பகலில் போடு.

கடைசிப் படத்தில் மஞ்சளே இல்லை. எப்போதும் ஒரு மூலையிலாவது வைப்பாய். வேண்டுமென்றே விட்டிருந்தால் சரி, அது உன் படிப்பு, நான் குறுக்கே வரமாட்டேன். தானாக விட்டுப்போயிருந்தால் பகல் வெளிச்சத்தில் எடுத்து ஒருமுறை பார். ஜன்னலோரம் உட்கார்ந்து பார்.

பொங்கலுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை என்றாய். உன் கூடப் படிக்கிற மதுரைப் பையன் வந்து போனானாம். போகட்டும்.

தாளுக்குப் பணம் போட்டிருக்கிறேன். கனமான தாளாக வாங்கு, மெல்லிசில் நிறத்தின் மேல் நிறம் ஏற்றினால் சுருண்டுவிடும். மிச்சத்தில் நன்றாகச் சாப்பிடு.

அத்தையிடம் ஏதோ சொல்லியிருக்கிறாயாம். என்னவென்று கேட்டால், "அவளே சொல்வா" என்கிறாள். எங்களிடமும் சொல்லலாம் பாப்பா. பகலில் கூப்பிடு. ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் கூப்பிட முடியும் என்றாலும் கூப்பிடு, எடுப்பேன்.

அன்புடன்,
அப்பா