கடற்கரை விளக்குகளுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு வணக்கம்.

பங்குனி ஆமைகள் என்னும் கடலாமைகளின் பருவத்தைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஜனவரியிலிருந்து தாய் ஆமைகள் முட்டையிடக் கரையேறும், மே வரை குஞ்சுகள் வெளிவரும். இரவில் ஆமைத் தடம் தேடி நடக்கும் தன்னார்வலர்களான நாங்கள் கொடுத்த மனுக்களிலேயே இதெல்லாம் இருக்கிறது. அப்படியிருந்தும், சரியாக இந்தப் பருவத்தில்தான் நடைபாதையோரம் உயர்கோபுர விளக்குகளை நட்டு விடிய விடிய எரியவிட்டிருக்கிறீர்கள்.

போன வாரம் நடந்ததைக் கேளுங்கள். எங்கள் கண்ணில் படாமல் போன ஒரு முட்டைக் குழியிலிருந்து இரவில் குஞ்சுகள் வெளிவந்திருக்கின்றன. ஒன்றரை அடி ஆழத்தில் 45 நாளுக்கு மேல் கிடந்து, முட்டை ஓட்டை உடைத்து, எல்லாம் ஒன்றாக மணலைத் தள்ளிக்கொண்டு மேலே வருகிற உயிர்கள் அவை. எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் கடல், இது ஒன்றுதான் அவற்றுக்குத் தெரியும். காலையில் நாங்கள் போனபோது தடம் அத்தனையும் சாலையை நோக்கிப் போயிருந்தது. வண்டிகளில் நசுங்கியவை போக, கம்பத்தடியில் சில உயிரோடு இருந்தன. உள்ளங்கையில் பாதிகூட வராத உடம்பு, துடுப்பெல்லாம் ஒட்டிக் காய்ந்த மணல், அப்போதும் துடுப்பை அடித்துக்கொண்டே இருந்தன. அலையைத் தாண்டி ஆழ்கடலுக்கு நீந்துவதற்காக வயிற்றில் மிச்சம் வைத்திருந்த கருவுணவு, அந்தக் கம்பத்தைச் சுற்றியே கரைந்துபோயிருக்கும்.

விளக்கை அணையுங்கள். ஜனவரி முதல் மே வரை, இரவு பத்து மணியிலிருந்து விடியும் வரை, அவ்வளவுதான் கேட்கிறோம். நடந்துபோகிறவர்களின் பாதுகாப்பு முக்கியம் என்கிறீர்கள், சரி, எங்களுக்கும் முக்கியம்தான். சாலைக்கு மட்டும் விழும்படி மறைப்பு போட்டு, உயரம் குறைத்து, மஞ்சள் நிற விளக்காக மாற்றலாமே? கடலைப் பார்த்து வெள்ளை வெளிச்சத்தைக் கொட்டுவதால் யாருக்குப் பாதுகாப்பு?

2025 தொடக்கத்தில் சென்னையை ஒட்டிய கரைகளில் 1000க்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கியதை நாடே பார்த்தது. மீன்பிடி வலையில் சிக்கினால் மூச்சுவிட மேலே வரமுடியாமல் சாகிற பிராணி அது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினச் சட்டம் புலிக்குத் தருகிற அதே முதல் அட்டவணைப் பாதுகாப்பை இந்த ஆமைக்கும் தருகிறது, ஆனால் ஒவ்வொரு துறையும் அடுத்த துறையைக் கைகாட்டிவிட்டுப் போகிறது, எங்கள் மனுவும் மேசை மேசையாக நகர்கிறது. கடலுக்குள் நடப்பது உங்கள் கையில் இல்லைதான். கம்பத்திலிருக்கும் ஸ்விட்ச் உங்கள் கையில்தான் இருக்கிறது.

கோபத்தில் வார்த்தை கொஞ்சம் கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்னும் பொரியாத குழிகள் இந்தக் கரையில் இருக்கின்றன. தயவுசெய்து இன்றிரவிலிருந்தே அணைக்க உத்தரவிடுங்கள், எழுத்தில் பதில் அப்புறம் வந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
இரவில் ஆமைத் தடம் தேடி நடக்கும் தன்னார்வலர்களில் ஒருவர்