பறவைப் படத்துக்குக் கேமரா வாங்கப்போகும் மகளுக்கு

கோலசிலாங்கூர்

அன்புள்ள மகளுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். கூச்சிங்கில் பள்ளி வேலை பழகிவிட்டது என்றும், சேர்த்த பணத்தில் பெரிய சென்சார் (படம் பதியும் சில்லு) உள்ள ஃபுல் ஃபிரேம் கேமரா ஒன்று வாங்கி, அதோடு வரும் சிறிய லென்ஸிலேயே இப்போதைக்குப் பறவைகளை எடுக்கலாம் என்று நினைப்பதாகவும் எழுதியிருந்தாய். அந்தக் கணக்கைத் தலைகீழாகப் போடு என்பதே என் கருத்து. பணத்தின் பெரும்பகுதி லென்ஸுக்குப் போகட்டும். மிஞ்சியதில் கேமரா வாங்கு.

நம் தோட்டத்து வாய்க்கால் ஓரம் உட்காரும் வெண்தொண்டை மீன்கொத்தி ஏறத்தாழ 28 செ.மீ. நீளம் இருக்கும். அது 20 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால், 100 மி.மீ. லென்ஸில் (இந்த எண் கூடக்கூட உருவம் பெரிதாகும்) அதன் பிம்பம் சென்சாரில் 1.4 மி.மீ. மட்டுமே விழும். ஃபுல் ஃபிரேம் சென்சாரின் அகலமோ 36 மி.மீ. எவ்வளவு விலையுயர்ந்த கேமராவாக இருந்தாலும் அந்தப் புள்ளியைப் பெரிதாக்கிப் பார்த்தால் இறகு தெரியாது. அதே இடத்தில் 600 மி.மீ. லென்ஸ் 8.4 மி.மீ. பிம்பம் தரும். நம் ஊர் மலாவாத்தி குன்றில் ஆரஞ்சு நிறக் குட்டிகளைக் கட்டிக்கொண்டு நம் தோள்மேலேயே ஏறும் குரங்குகளுக்கு வேண்டுமானால் சிறிய லென்ஸ் போதும். பறவைகளுக்கு அந்தத் தாராளம் கிடையாது.

சிறிய சென்சார் உள்ள ஏபிஎஸ்-சி கேமராவை மட்டமாக நினைக்காதே. அதில் 400 மி.மீ. லென்ஸ் போட்டால், ஃபுல் ஃபிரேமில் ஏறத்தாழ 600 மி.மீ. காட்டும் அளவு காட்சிதான் படச் சட்டத்துக்குள் வரும். விலையும் எடையும் குறையும். கேனான் ஆர்7 போன்ற ஒரு பாடியோடு (லென்ஸ் இல்லாத கேமரா) 635 கிராம் மட்டுமே எடையுள்ள, 100 முதல் 400 மி.மீ. வரை மாற்றக்கூடிய கேனான் 100-400 லென்ஸைச் சேர்த்தால், உங்கள் ஊர்ப்பக்கம் உள்ள பாக்கோ காட்டுப் பாதையில் நாள் முழுக்க நடந்தாலும் தோள் வலிக்காது.

ஆனால் காட்டுக்குள் வெளிச்சம் என்று ஒன்று இருக்கிறதே! கிழக்கே இருப்பதால் உங்கள் பக்கம் நமக்கு முன்பே விடிந்துவிடுகிறது என்றாலும், மரத்தடியில் இருட்டு சீக்கிரம் விலகாது. எஃப் எண் கூடினால் லென்ஸ் வாங்கும் ஒளி குறையும். 600 மி.மீ. எஃப் 11 என்று கேனானில் ஒரு லென்ஸ் வருகிறது. ஒரு கிலோவுக்கும் குறைவு, விலையும் கைக்கு எட்டும். ஆனால் எஃப் 6.3 லென்ஸ் வாங்கும் ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அது வாங்கும். எஃப் 6.3இல் ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) 6400 வைத்து எடுக்கக்கூடிய படத்தை எஃப் 11இல் 20,000 அருகில் எடுக்க வேண்டியிருக்கும், படம் பொரிபொரியாகிவிடும். லென்ஸில் உள்ள அதிர்வுத் தடுப்பு உன் கை நடுக்கத்தைத்தான் தணிக்கும், பறவையின் சிறகடிப்பை நிறுத்தாது. பறக்கும் இருவாட்சியை நிறுத்திப் பிடிக்க விநாடியில் 2000இல் ஒரு பங்கு போன்ற ஷட்டர் வேகம் வேண்டும். எஃப் 4 உள்ள பெரிய லென்ஸ்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். அவை நம் சம்பளத்துக்கு உரியவை அல்ல.

ஆகவே என் தேர்வு, சோனியின் 200-600 அல்லது நிக்கானின் 180-600. இரண்டும் 600 மி.மீ. நிலையில் எஃப் 6.3, இரண்டும் ஜூம் செய்யும்போது குழல் வெளியே நீளாதவை. குழல் நீண்டு சுருங்கும்போது நம் ஊர் ஈரக்காற்றையும் உள்ளே இழுக்கும் என்பதால் இதை நான் பெரிதாக எண்ணுகிறேன். எடை ஏறக்குறைய இரண்டு கிலோ. வலைப்பந்து ஆடிய கைதான் உனது, இருந்தாலும் கடையில் வாங்கிப் பத்து நிமிடம் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார். கை இறங்கினால் யோசிக்காமல் அந்த 100-400க்கே போ. வீட்டில் கிடக்கும் லென்ஸ் எதையும் எடுக்காது.

பாடியைப் பழையதாகவே வாங்கலாம். பறவையின் கண்ணைத் தேடிக் குவியம் வைக்கும் வசதி இருக்கிறதா என்று மட்டும் பார், மெகாபிக்சலில் மயங்காதே. சத்தமில்லாத ஷட்டர் கூச்சமுள்ள பறவைக்கு நல்லது, ஆனால் சில கேமராக்களில் அது வேகமான சிறகை வளைத்துக் காட்டும்.

லென்ஸும் பழையதாக அமைந்தால், ஒரு முனையில் டார்ச் அடித்து மறுமுனை வழியாகப் பார். சிலந்தி வலை போல் நூல் நூலாகத் தெரிந்தால் பூஞ்சை. விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் வைக்கும் டிரை கேபினட்டுக்கும் இப்போதே கொஞ்சம் பணம் ஒதுக்கிவிடு. ஏசி அறையிலிருந்து எடுத்தவுடன் பையைத் திறக்காதே, கண்ணாடி வியர்க்கும்.

கூச்சிங் கடைகளில் அந்த சோனி, நிக்கான் லென்ஸ்கள் இரண்டுக்கும் புதியது, பழையது என இரு விலையையும் கேட்டு எழுது. மிச்சம் எவ்வளவு என்று தெரிந்த பிறகு பாடியைப் பற்றிப் பேசுவோம்.

அன்புடன்,
அப்பா