ஆங்கிலம் எந்தக் குடும்பத்து மொழி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் ஆங்கில மொழியின் வரலாறு குறித்து வெளியான கட்டுரையைப் படித்தேன். மாணவர்களுக்காக எளிமையாக எழுதப்பட்ட அக்கட்டுரை, ஆங்கிலம் லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாகப் பிறந்த மொழி என்று கூறுகிறது. பிரெஞ்சு, ஸ்பானியம், இத்தாலியம், ஆங்கிலம் ஆகிய நான்கும் ஒரே மரத்தின் கிளைகளாக நிற்கும் படம் ஒன்றையும் தந்திருக்கிறது. ஆங்கில அகராதியில் உள்ள சொற்களில் பாதிக்கும் மேற்பட்டவை லத்தீன், பிரெஞ்சு மூலம் உடையவை என்பதே அதற்குக் காட்டப்பட்ட சான்று. சான்று உண்மைதான், அதிலிருந்து எடுத்த முடிவுதான் தவறு. ஒரு மொழி யாரிடம் சொல் வாங்கியது என்பது வேறு, எந்தக் குடும்பத்தில் பிறந்தது என்பது வேறு. திராவிட மொழிகள் குறித்தும் இதே குழப்பம் ஒரு காலத்தில் இருந்ததை நம் வாசகர்கள் அறிவார்கள்.

பிரிட்டன் தீவை ரோமானியர்கள் கி.பி. 43 முதல் ஏறத்தாழ 410 வரை ஆண்டார்கள். இருந்தும், இன்றைய பிரான்சில் நடந்ததுபோல லத்தீன் அங்கே மக்கள் மொழியாக வேரூன்றவில்லை. அவர்கள் போன பிறகு, இன்றைய வட ஜெர்மனி, டென்மார்க் கரையோரங்களிலிருந்து ஆங்கிள், சாக்சன், ஜூட் முதலிய இனத்தார் கடல் கடந்து வந்து குடியேறினார்கள். இந்த வருகையை 449-ஆம் ஆண்டை ஒட்டி வைத்து எழுதியவர் எட்டாம் நூற்றாண்டுத் துறவி பீட். வந்தவர்கள் பேசிய ஜெர்மானியக் கிளைமொழிகளே ஆங்கிலத்தின் தொடக்கம். கிறித்தவ சமயம் 597-க்குப் பிறகு பரவியபோது லத்தீன் எழுத்தும் சமயச் சொற்களும் உள்ளே வந்தன. எழுத்தை வாங்கியதால் ஒரு மொழியின் பிறப்பு மாறிவிடாது.

அகராதியில் சொற்களை எண்ணுவது எளிது. அதனால்தான் இந்தப் பிழை திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. மொழியின் பிறப்பை அறிய வேண்டுமானால் அன்றாடச் சொற்களின் ஒலியையும் இலக்கணத்தையும் பார்க்க வேண்டும். ஜெர்மானிய அறிஞர் யாக்கோபு கிரிம் 1822-இல் முறைப்படுத்திக் காட்டிய ஒலிமாற்ற விதி இதற்கு நல்ல வழிகாட்டி. சமஸ்கிருதத்தில் பிதா, லத்தீனில் பேட்டர் என்று பகர ஒலியில் தொடங்கும் சொல் ஆங்கிலத்தில் ஃபாதர் ஆகிறது. பாதத்தைக் குறிக்கும் லத்தீன் வேர் பெட் என்றிருக்க, ஆங்கிலச் சொல் ஃபுட் என்றிருக்கிறது. தந்தைவழி என்ற பொருளில் வரும் பேட்டர்னல், காலால் மிதிக்கும் பெடல் ஆகியவற்றிலோ பகரம் அப்படியே நிற்கிறது. இவை அந்த மாற்றமெல்லாம் முடிந்து பல நூற்றாண்டுகள் கழித்து லத்தீன் வழியிலிருந்து வந்து சேர்ந்தவை. ஆங்கிலம் லத்தீனின் வழித்தோன்றலாக இருந்திருந்தால் ஃபாதர் என்ற வடிவத்துக்கு அங்கே இடமே இல்லை. இறந்தகாலத்தைக் காட்ட வினையின் இறுதியில் டகர விகுதி சேர்ப்பதும், சிங், சாங், சங் என உயிரொலியை மாற்றிக் காலம் காட்டுவதும் ஜெர்மன், டச்சு மொழிகளோடு ஆங்கிலம் பகிர்ந்துகொள்ளும் குடும்ப அடையாளங்கள்.

கட்டுரை சொல்லும் இன்னொரு செய்தி, 1066-இல் பிரெஞ்சு பேசிய நார்மன்கள் இங்கிலாந்தை வென்றதால்தான் ஆங்கில இலக்கணம் எளிமையானது என்பது. இது பாதி உண்மைகூட இல்லை. பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்களுக்கு வேற்றுமை உருபுகளும் மூன்று பால்களும் இருந்தன. அந்தப் பால் பகுப்பும் பொருளைப் பார்த்து வந்ததன்று. சூரியன் பெண்பால், நிலவு ஆண்பால், மனைவியைக் குறித்த சொல்லோ இரண்டிலும் சேராத பொதுப்பால். இந்த அமைப்பு தேயத் தொடங்கியது நார்மன்களுக்கு முன்பே, வடக்கிலும் கிழக்கிலும். 793-இல் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைத் தாக்கிய, ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங் கூட்டத்தாரின் இனத்தவர்கள் அடுத்த நூற்றாண்டில் அப்பகுதிகளில் நிலம் உழுது குடும்பம் நடத்தும் குடிகளாகிவிட்டார்கள். அவர்களுடைய நார்ஸ் மொழியும் ஜெர்மானிய மொழியே. இருவருடைய சொற்களின் வேர்ப்பகுதி ஏறக்குறைய ஒத்திருந்தது, விகுதிகள்தான் வேறுபட்டன. அக்கம்பக்கத்தில் வாழ்ந்தவர்கள் பேச்சில் விகுதிகள் மழுங்கியது வியப்பல்ல. அவர்கள் என்ற பொருளில் ஆங்கிலேயர் இன்று வழங்கும் தே, தெம், தெயர் மூன்றும் நார்ஸ் தந்தவை. விண்டோ, ஸ்கை போன்ற பொருட்பெயர்களை எந்த மொழியும் கடன் வாங்கும். பிரதிப்பெயரையே வாங்குவது அரிது. அந்த அளவுக்கு இரு சாராரும் கலந்து வாழ்ந்திருக்கிறார்கள்.

பீட்டர்பரோ மடத்தில் எழுதப்பட்ட ஆண்டுக்குறிப்பு இந்த மாற்றத்தைக் கண்முன் காட்டுகிறது. 1116-இல் மடம் தீக்கிரையான பிறகு, துறவிகள் வேறோர் இடத்துப் பிரதியைப் பார்த்து 1121 வரையிலான பகுதியைப் பழைய மரபு நடையில் படியெடுத்தார்கள். 1154-இல் முடியும் இறுதிப் பகுதியைத் தங்கள் வட்டாரப் பேச்சை ஒட்டி எழுதினார்கள். முன்பகுதியில் வரிசையாக நிற்கும் வேற்றுமை விகுதிகள் பின்பகுதியில் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டன. அந்த இறுதிப் பகுதியில் பிரெஞ்சுச் சொற்களோ மிகச் சில. இலக்கணம் எளிமையானதற்குப் பிரெஞ்சுதான் காரணம் என்போர் இந்த ஏட்டுக்கு என்ன விளக்கம் தருவார்கள்?

நார்மன் வெற்றியின் விளைவைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. அரசவை, நீதி, வரி, படை ஆகிய துறைகளின் சொற்களில் பெரும்பகுதி அந்த வழியில் வந்ததே. ஆனால் அவை வந்த காலத்தையும் கவனிக்க வேண்டும். பிரபுக்கள் பிரெஞ்சு பேசியவரை அவர்களுடைய சொற்கள் குடியானவர்களின் ஆங்கிலத்தில் மெல்லத்தான் கசிந்தன. 1204-இல் ஜான் மன்னர் நார்மண்டியை இழந்ததால் இங்கிலாந்துப் பிரபுக்களுக்குக் கடலுக்கு அப்பால் இருந்த பிடிப்பு தளர்ந்து, அவர்கள் வீட்டிலேயே ஆங்கிலம் புழங்கத் தொடங்கியது. பிரெஞ்சுச் சொற்கள் வெள்ளமாகப் புகுந்தது அதன் பிறகு, ஏறத்தாழ 1250-க்கும் 1400-க்கும் இடையில்தான். ஆங்கிலத்துக்கு மாறியவர்கள் தம் பழைய சொற்களையும் கையோடு கொண்டுவந்தார்கள் என்பதே பொருத்தமான விளக்கம். 1362-இல் நீதிமன்ற வாதங்கள் ஆங்கிலத்தில் நடைபெற வேண்டும் என்று சட்டம் இயற்றப்பட்டது. மக்களுக்குப் பிரெஞ்சு புரியவில்லை என்று காரணம் கூறிய அந்தச் சட்டமே பிரெஞ்சில்தான் எழுதப்பட்டிருந்தது! 1399-இல் நான்காம் ஹென்றி அரியணைக்கு உரிமை கோரியபோது நாடாளுமன்றத்தில் ஆங்கிலத்திலேயே பேசினார்.

ஆங்கிலத்துக்கு லத்தீன் முகம் வந்ததில் மறுமலர்ச்சிக் கால அறிஞர்களுக்கும் பங்குண்டு. கடனைக் குறிக்கும் டெட் என்ற சொல் பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதில் பகர எழுத்து கிடையாது. லத்தீன் மூலமான டெபிட்டம் நினைவில் இருக்கட்டும் என்று படித்தவர்கள் அந்த எழுத்தைச் செருகினார்கள். யாரும் அதை உச்சரித்ததில்லை. தீவைக் குறிக்கும் ஐலண்ட் என்ற சொல்லின் நிலை இன்னும் விந்தையானது. அது கலப்பற்ற ஜெர்மானியச் சொல். லத்தீன் வழிவந்த வேறொரு சொல்லோடு உறவுடையது என்று தவறாகக் கருதி அதற்குள்ளும் ஒரு சகர எழுத்தை நுழைத்துவிட்டார்கள். 1476-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் காக்ஸ்டன் அச்சகம் நிறுவியதிலிருந்து எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல இறுகிவந்தது. ஆகவே இத்தகைய ஒட்டுகளும் நிலைத்துவிட்டன. நெட்டுயிர்களின் ஒலிப்போ 1400-க்கும் 1700-க்கும் இடையில் அடியோடு மாறிக்கொண்டிருந்ததால், ஏட்டில் ஒன்றும் வாயில் ஒன்றுமாக இரண்டும் பிரிந்தன. பின்னர் வந்த இலக்கண ஆசிரியர்கள் லத்தீனை அளவுகோலாக வைத்து விதி வகுத்தார்கள். கவிஞர் டிரைடன் 1672-இல், வாக்கியத்தை இன், ஆஃப், வித் போன்ற முன்னிடைச்சொல்லில் முடிப்பதைக் குற்றமாகக் கூறினார். ஆங்கிலம் பேசுவோர் அதற்கு முன்பும் அப்படித்தான் முடித்தார்கள், இன்றும் அப்படித்தான் முடிக்கிறார்கள்.

தேர்வுக்குப் படிக்கும் மாணவர்கள் தங்கள் இணைப்பிதழைக் கத்தரித்துச் சேர்த்து வைப்பதுண்டு. ஆகவே அந்தப் படத்தையாவது திருத்தி மீண்டும் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன். ஆங்கிலத்தை ஜெர்மன், டச்சு, நெதர்லாந்தின் வடபகுதியில் இன்றும் பேசப்படும் பிரிசியம் ஆகியவற்றோடு ஒரே கிளையில் வைக்க வேண்டும். அவற்றுள் பிரிசியமே அதற்கு மிக நெருங்கிய உறவு. லத்தீன், பிரெஞ்சு ஆகியவற்றிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொற்களை, கிளையாக வரையாமல், பக்கவாட்டில் புள்ளிக்கோடாகக் காட்டலாம். நார்ஸ் மொழியிலிருந்தும் அப்படியொரு கோடு வர வேண்டும். கட்டுரையில் அம்மொழியின் பெயரே இடம்பெறவில்லை.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்